துரையின் விரதம்

எங்கள் வீட்டுப் பூனை தெருவில் கையேந்தி நின்றதாக ஒரு பெண் வாட்சப் குழுவில் எழுதியிருந்தாள். படத்தில் இருந்தது துரையேதான். 'கிள்ளானில் என் பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தது. எலும்பும் தோலுமாக இருக்கிறது. யாருமற்ற பூனை. வளர்க்க விரும்புகிறவர்கள் அழைக்கவும்.'

மகள் புனிதா வாசித்துக் காட்டியபோது எனக்குக் காது சூடாகிவிட்டது. மூன்று தலைமுறையாகக் கிள்ளானில் இருக்கிறோம். எங்கள் படியிலிருந்து யாரும் பசியோடு இறங்கியதில்லை. துரை பகலெல்லாம் வெளியே சுற்றும், பொழுது சாய்ந்தால் வந்துவிடும். இரண்டு நாளாக வரவில்லை.

"கார எடு," என்றேன்.

பூச்சோங்கில் கதவைத் திறந்தவள்தான் அதை எழுதியவள். மெஹ்ரின் என்று பெயர். கிள்ளானில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை; அங்கிருந்துதான் பூனையை வீட்டுக்குத் தூக்கி வந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் துரை ஒரு தட்டில் தலையைக் கவிழ்த்து அவித்த மீன் தின்றுகொண்டிருந்தது. என்னைப் பார்த்தது. எழுந்திருக்கவில்லை.

"அது எங்க பூன," என்றேன்.

"சாரி அங்கிள், சுபாங் ஜெயாவுல ஒருத்தங்க கேட்டுட்டாங்க. நாளைக்கு வந்து எடுத்துக்குவாங்க."

புனிதா போனில் துரையின் பழைய படங்களைக் காட்டினாள். மெஹ்ரின் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"உங்க பூனதான், நம்புறேன். ஆனா விலா எலும்பு தெரியுது பாருங்க. சாப்பாடு போட்டீங்களா இல்லியா?"

என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை.

"மூணு வேளையும் போட்டோம். நெய் ஊத்தின பருப்புச்சோறு. ராத்திரிக்குத் தயிர்ச்சோறு."

"பூனைக்கா?"

"தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கறேன்மா. நாப்பத்தெட்டு நாள் விரதம். வீட்டுக்குள்ள மீன் வாடையே வரக்கூடாது."

"பூன பிஸ்கட்டாவது போட்டிருக்கலாம்ல?"

"அதுலயும் மீன்தானே," என்றாள் புனிதா. "அப்பா பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டாரு."

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம். மெஹ்ரினின் தாயார் காத்தூன் பீவி முக்காட்டைச் சரிசெய்தபடி வந்தார்.

"அண்ணே, நோன்பு மாசத்துல நாங்களும் பச்சத்தண்ணி குடிக்காமத்தான் இருக்கோம். எங்க பூன மத்தியானமே மீன் திங்கும் லா. முருகன் உங்களத்தானே கூப்பிட்டாரு, பூனையவுமா?"

புனிதா வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு மாதமாக அவளும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வாதாடியிருக்கலாம். வாதத்தில் வென்று, துரையை சுபாங் ஜெயாவுக்குப் பறிகொடுத்திருக்கலாம். நிமிர்ந்து நின்றே சொன்னேன்: "எங்க வீட்ட யாரும் குத்தம் சொல்ல வேணாம். தப்பு என் ஒருத்தன் மேலதான். பூனையக் குடுத்திடும்மா."

மெஹ்ரின் அப்போதே போன் போட்டு, சொந்தக்காரர் வந்துவிட்டார் என்று சுபாங் ஜெயாவுக்குச் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"வீட்டுக்குப் போனா மறுபடியும் தயிர்ச்சோறா அங்கிள்?"

தைப்பூசத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. விரதத்தை முறிக்க முடியாது. துரையைப் பட்டினி போடவும் முடியாது.

"அதுவரைக்கும் இங்கயே இருக்கட்டும். பூசத்துக்கு மறுநாள் வந்து கூட்டிட்டுப் போறேன். ஆனா ஒண்ணு. அனாதையா இல்ல, விருந்தாளியா."

"விருந்தாளிதாண்ணே," என்றார் காத்தூன் பீவி. "வந்ததுலேருந்து சோபாவுலதான் தூக்கம்."

இப்போது தினமும் மாலையில் நானே பூச்சோங்குக்குக் காரை ஓட்டிக்கொண்டு போகிறேன். வாசலில் நாற்காலி போட்டுக் கறுப்புக் காப்பி தருகிறார்கள். துரை தின்று முடித்து, மீசையை நக்கிக்கொண்டு வந்து என் பாதத்தின் மேல் படுத்துக்கொள்கிறது. மீன் வாடைதான். நான் காலை நகர்த்துவதில்லை. வீட்டுக்குப் போய்க் குளித்துவிடுகிறேன்.