வலது மடிப்பு

பெட்டியைத் திறந்ததும் ரிட்சுகோ சிரித்துவிட்டாள். மாப்பிள்ளைப் பொம்மை அசல் தகேஹிரோவைப் போலவே தூங்கி வழிந்துகொண்டு நின்றது. கொகேஷி பொம்மைக்குக் கையும் கிடையாது, காலும் கிடையாது. உருண்டைத் தலை, உருளை உடம்பு, முகத்தில் நாலைந்து கோடுகள். அதற்குள் ஒரு மனிதனின் சோம்பேறித்தனத்தை அடக்கிவிட அவன் அக்கா யசுயோவால்தான் முடியும். தம்பி மரத்தைக் கடைந்து கொடுப்பான், அக்கா வண்ணம் தீட்டுவாள். யாஜிரோ கிராமத்தில் பல வீடுகளில் இதுதான் பிழைப்பு. ஆனால் முகம் எழுதுவதில் யசுயோவை மிஞ்ச ஆளில்லை என்பதை அவளைப் பிடிக்காதவர்களும் ஒப்புக்கொள்வார்கள்.

அடுத்து மணப்பெண் பொம்மையை எடுத்தாள். வெள்ளை கிமோனோ, இடது கண்ணுக்குக் கீழே அவளுடைய மச்சம்கூட இருந்தது. பார்வை கழுத்துக்கு இறங்கியதும் சிரிப்பு நின்றுபோயிற்று.

வலது மடிப்பு மேலே இருந்தது.

கிமோனோவின் இரண்டு முன்பக்கங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக மடியும்போது இடது மடிப்புதான் மேலே வரவேண்டும். கைக்குழந்தைக்குக்கூட அப்படித்தான் உடுத்திவிடுவார்கள். வலது மேலே வருவது பிணத்துக்கு மட்டும்தான். பிணத்துக்கும் உடுத்துவது வெள்ளைதான். கல்யாணப் பெண்ணையும் செத்தவளையும் பிரித்துக் காட்டுவதே அந்த ஒரு மடிப்பு என்பது இத்தனை வருஷமாக அவளுக்கு உறைத்ததில்லை.

"என்ன, பிடிக்கலையா?" என்றான் தகேஹிரோ. அவள் வேலை பார்க்கும் வெந்நீர் ஊற்று விடுதிக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். மறுநாள் கல்யாணம். விருந்து மண்டப வாசலில், வருகிறவர்கள் பெயர் எழுதும் மேஜைமேல் இந்த ஜோடியைத்தான் வைக்கப்போகிறார்கள்.

"மடிப்பப் பாரு."

பார்த்தான். காதைச் சொறிந்தான். "அட ஆமா. அக்கா பாக்காம விட்டிருப்பாங்க."

"உங்க அக்காவா? பாக்காமலா?"

"துணிக்கடையில போட்டுப் பாத்தப்போ கண்ணாடி முன்னாடி நின்னு ஒரு போட்டோ எடுத்தியே, அதத்தான் அவங்களுக்கு அனுப்புனேன். கண்ணாடியில எல்லாம் இடம் வலமாத்தானே தெரியும்? அதப் பாத்து அப்படியே வரைஞ்சிட்டாங்க. இதப் போயி பெரிசு பண்ணாத."

போனை எடுத்துப் பார்த்தாள். உண்மைதான். படத்தில் வலது மடிப்புதான் மேலே தெரிந்தது. அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. நாத்தனாரைச் சந்தேகப்பட்டோமே என்று கூச்சமாகவும் இருந்தது. தகேஹிரோ பார்லி டீயைக் குடித்து முடித்துக் கிளம்பிப் போனான்.

அவன் போனபிறகுதான் மச்சத்தின் ஞாபகம் வந்தது. கண்ணாடிப் படத்தில் மச்சமும் இடம் மாறி வலது கண்ணுக்குக் கீழே அல்லவா தெரிகிறது? பொம்மையில் அது சரியாக இடது கண்ணுக்குக் கீழே இருந்தது. மச்சத்தைத் திருத்தத் தெரிந்தவளுக்கு மடிப்பைத் திருத்தத் தெரியாதா?

ஒரு சந்தேகம் வந்துவிட்டால் போதும், பழைய விஷயங்களெல்லாம் வரிசை கட்டிக்கொண்டு வந்துவிடும். அம்மா போனபோது தகேஹிரோ சின்னப் பையன். அன்றைக்குத் தம்பியைத் தூக்கிக்கொண்ட யசுயோ இன்னும் இறக்கிவிடவில்லை. முப்பத்துமூன்று வயது ஆண்பிள்ளைக்கு இன்றைக்கும் மீனில் முள் எடுத்துக் கொடுக்கிறாள், துரையும் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். நிச்சயதார்த்தச் சீர்வரிசையைக் கொண்டுவந்த அன்று யசுயோ ரிட்சுகோவைப் பார்த்து முதலில் சொன்னதே, "எங்க வீட்ல குளிர் அதிகம், உனக்குத் தாங்காது" என்பதுதான். எல்லாவற்றுக்கும் மேலாக, ஃபுகுஷிமாக்காரி ஒருத்தி இருக்கிறாள். தகேஹிரோவுக்கு முன்பு நிச்சயமான பெண். வந்த சீரைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஏன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் ஒதுங்கிக்கொண்டவள். அவளுக்கும் அந்த வீட்டில் ஒரு பொம்மை செய்திருப்பார்களே?

ரிட்சுகோவுக்குப் பயமாக இருந்தது. பொம்மைக்குப் பயப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. மண்டப வாசலில் இதைப் பார்த்தால் அவளுடைய அம்மா அங்கிருந்தே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவாள். தகேஹிரோவை விட்டுவிட அவளால் முடியாது. ஆனால் அவனோடு வாழ்வது என்றால் அந்தக் கூரைக்குக் கீழே, அந்தக் கைகள் சமைத்துப் போடுவதைச் சாப்பிட்டு வாழ்வது. நாளைக் காலையில் அவளுக்குக் கல்யாண உடை உடுத்திவிடப்போவதும் அதே கைகள்தான். ஊரில் எல்லா மணப்பெண்களுக்கும் யசுயோதான் உடுத்திவிடுவாள்.

மறுநாள் காலை கோயிலின் பக்கத்து அறையில் நிலைக்கண்ணாடி முன்னால் கைகளை அகற்றிக்கொண்டு நின்றாள். யசுயோ முழங்காலிட்டு உள்ளாடையின் கயிறுகளை இறுக்கினாள். வாயில் இரண்டு ஊசிகள். விரலில் போகாத கறுப்பு மை. வெள்ளை கிமோனோ தோளில் வந்து விழுந்ததும் ரிட்சுகோ கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"மச்சத்த சரியான பக்கம் வச்சிருந்தீங்கக்கா."

யசுயோ ஊசிகளை எடுத்தாள். "பாத்த முகம்தானே."

"அப்போ மடிப்பு?"

"கை தவறியிருக்கும்."

"உங்களுக்கா?"

"ஏன், எனக்குத் தவறக் கூடாதா?"

யசுயோ கிமோனோவின் கழுத்தை இழுத்துச் சரிசெய்தாள். இப்போது கேட்காவிட்டால் காலம் முழுக்க இந்தக் கேள்வியை ஒவ்வொரு சாப்பாட்டோடும் சேர்த்து விழுங்க வேண்டியிருக்கும் என்று ரிட்சுகோவுக்குத் தோன்றியது.

"ஃபுகுஷிமாப் பொண்ணோட பொம்மையும் இப்படித்தான் இருந்துச்சா?"

"அவ கையில எடுத்துக்கூடப் பாக்கல." யசுயோ எழுந்து நின்றாள். ஆளே சின்ன உருவம், ரிட்சுகோவின் தோள் உயரம்தான். "நீ எடுத்துப் பாத்திருக்க. பாத்துட்டும் வந்து நிக்கற."

"நான் வரமாட்டேன்னு நினைச்சீங்களா?"

"நான் என்ன நினைச்சா என்ன?" யசுயோ கிமோனோவின் இரண்டு முன்பக்கங்களையும் கைக்கொன்றாகப் பிடித்து விரித்தாள். "பொறந்த வீட்டப் பொறுத்தவரைக்கும் நீ இன்னிக்குச் செத்தவ. அதனாலதான் வெள்ளைன்னு அந்தக் காலத்துல சொல்லுவாங்க. செத்தவளுக்கு எந்தப் பக்கம் மேல வந்தா என்னடி?"

அது கேலியா, மிரட்டலா, எல்லாப் பெண்களிடமும் சொல்வதா என்று ரிட்சுகோவுக்குப் புரியவில்லை. கண்ணாடியில் தெரிந்த முகத்திலும் ஒன்றும் இல்லை. இரண்டு கைகள், இரண்டு துணிகள். எது இடம், எது வலம் என்று ஒரு கணம் தலை சுற்றியது. கண்ணாடியை விட்டுவிட்டுக் குனிந்து தன் உடம்பைப் பார்த்தாள்.

பிறகு யசுயோவின் விரல்களிலிருந்து வலது பக்கத்துத் துணியைத் தானே வாங்கி, உடம்போடு சேர்த்து இடுப்பில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"இப்போ இடதப் போடுங்கக்கா."

வெளியே மேளம் ஒருமுறை ஒலித்து ஓய்ந்தது. யசுயோ அவளை ஏறிட்டுப் பார்த்தாள். பட்டு மெதுவாக வந்து கையின்மேல் மூடியது. கையை எடுத்துக்கொள்வாள் என்று யசுயோ காத்திருந்தாள். ரிட்சுகோ எடுக்கவில்லை, அடியில் இருந்த வலது துணியை அப்படியே பிடித்திருந்தாள். கயிறு முதுகைச் சுற்றி வந்து, கையோடு சேர்த்து இறுகத் தொடங்கியது.