முத்தம்மா பெருக்கிய நூறடி

ஊரே கூடி நல்லது செய்தால் ஒருத்திக்கு வயிறு எரியுமா? சௌமியாவுக்கு எரிந்தது. காலை எட்டேகால் மணிக்குக் கைபேசியோடு குப்பத்துக் கரையில் வந்து நின்றாள். நேற்று அவள் அடையாளத்துக்கு நட்ட இரண்டு கொடிக்கம்புகளுக்கும் நடுவே மணல் கழுவி வைத்த தட்டு மாதிரி கிடந்தது. ஒரு பாட்டில் இல்லை, ஒற்றைச் செருப்பு இல்லை. கோலம் வேறு போட்டிருந்தார்கள்.

"கரை இப்போ ஷோக்கா கீதா?" என்றாள் அம்மா முத்தம்மா, துடைப்பத்தை ஊன்றியபடி. அவளுக்குப் பின்னால் மீன் விற்கும் பெண்கள் பத்துப் பேர் பரிசுக்குக் காத்திருப்பவர்கள் போல நின்றார்கள்.

சௌமியா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

விஷயம் இதுதான். ஆறு நாட்டுப் பிள்ளைகள் சௌமியாவோடு இணையத்தில் கூடி ஒரு வரைபடம் வைத்திருக்கிறார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரே நேரத்தில், அதாவது இங்கே காலை ஒன்பது மணிக்கு, அவரவர் ஊர்க் கரையில் எப்போதும் அதே நூறடிக்குள் ஒதுங்கிய குப்பையை மற்றவர்கள் பார்க்க எண்ண வேண்டும். எண்ணினால் அந்த ஊருக்கு ஒரு சிவப்புப் புள்ளி. மூன்று மாதம் தொடர்ந்து எண்ணாவிட்டால் புள்ளியை எடுத்துவிடுவார்கள். சௌமியாவுக்குப் போன மாதம் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை, அதற்கு முந்தின மாதம் காய்ச்சல். இன்றும் விட்டால் அந்தப் படத்தில் திருவொற்றியூர் கிடையாது. துறைமுகத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் நடுவே மூச்சு முட்டும் தன் கரையை உலகத்தில் ஆறு பேராவது பார்க்க வேண்டும் என்று தவியாய்த் தவித்தவள் அவள்.

"ஆறு நாட்டுக்காரங்க நம்ப கரையைப் பாக்கப் போறாங்கன்னு நேத்து நீதானேடி சொன்ன?"

"குப்பையைப் பாக்கம்மா!"

"எவளாச்சும் விருந்தாளிக்குக் குப்பையைக் காட்டுவாளா? மாசி மகத்துக்கு சாமி எறங்கி வர்ற கரைடி இது. அன்னிக்குப் பெருக்கற மாதிரிதான் பெருக்கினோம். கலீஜா கெடந்தா ஊருக்குத்தானே அசிங்கம்?"

"அப்போ கொடிக்கு அந்தாண்ட?"

"அதை அவங்களா பாக்கப் போறாங்க?" என்றாள் முத்தம்மா, வெகு நியாயமாக. வாரியதையெல்லாம் மூட்டை கட்டி, தண்டையார்பேட்டை காயலான் கடை மொஹ்சின் பாயின் வண்டியில் ஏற்றி அனுப்பியும் விட்டாளாம்.

சௌமியா ஓடினாள். நல்லவேளை, பாயின் குட்டியானை வண்டி மெயின்ரோட்டு டீக்கடையிலேயே நின்றது. பாய் அப்போதுதான் இரண்டாவது டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

"பாய், குப்பையைத் திருப்பிக் குடுங்க."

முப்பது வருடத் தொழிலில் அவர் கேட்டிராத வார்த்தை. "இன்னாம்மா, நகை கிகை வுழுந்துடுச்சா?"

"இல்ல பாய். எண்ணணும்."

பாய் அவளை மேலும் கீழும் பார்த்தார். "பரீட்சை முடிஞ்சா புள்ளைங்களுக்கு இப்டித்தான் ஆவும்," என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

ஒன்பதடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது மூட்டைகள் கரையில் இறங்கின. பெருக்கிய இடத்திலேயே குப்பையைக் கொட்டுவதைப் பார்த்த பெண்கள் போட்ட கூச்சலில் காக்கைகள் பறந்தன. முத்தம்மா மட்டும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கடலைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அம்மாவுக்கு இவ்வளவு அவமானமாக இருக்கும் என்று சௌமியா நினைக்கவில்லை. ஆனாலும் கைபேசியைத் திறந்தாள்.

அந்த இணையக் கூட்டத்தில் எல்லோருடைய ஆங்கிலமும் நொண்டிதான், அதனால் யாரும் யாரையும் கேலி செய்வதில்லை. அம்மா பெருக்கிவிட்ட கதையை அவள் சொன்னதும் திரையில் ஒரே சிரிப்பு. "நான் எங்கள் அம்மாவின் துடைப்பத்தை ஒளித்து வைத்துவிட்டுத்தான் வருவேன்," என்றாள் மொம்பாசா நகரத்து ஸுஹுரா. மூட்டையிலிருந்து எண்ணினாலும் போதும், புள்ளி நிற்கும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

மொஹ்சின் பாய் தாமாகவே சம்மணமிட்டு உட்கார்ந்தார். தொட்டதுமே எது எந்த ரகம் என்று அவர் விரலுக்குத் தெரியும். இருபது நிமிடத்தில் எண்ணூற்றுப் பன்னிரண்டு. கடைசியாக ஒரு நீல பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். "இது நம்ப ஊரு சரக்கில்லியே."

சுமத்ரா தீவுப் பையன் பாகஸ் திரைக்கு நெருங்கி வந்தான். அவன் முகம் வாடிவிட்டது. "அது எங்கள் தெருக்கடையில் விற்கும் தண்ணீர்," என்றான். பிறகு மெதுவாக, "மன்னித்துவிடுங்கள்," என்றான்.

"இன்னாடி சொல்றான்?" முத்தம்மா திரும்பினாள். சௌமியா சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரி மீன் கழுவிய தண்ணீரை வாசலில் ஊற்றினாலே தெருவைக் கிழிப்பவள் அம்மா. பெண்கள் இரண்டடி தள்ளியே நின்றார்கள்.

முத்தம்மா கைபேசியை வாங்கி அந்தப் பையனின் முகத்தைப் பார்த்தாள். "அழுவாதன்னு சொல்லுடி. நம்ப தூக்கிப் போட்டது எவ வூட்டு வாசல்ல கெடக்குதோ! அவகிட்ட நான் இன்னான்னு சொல்வேன்?"

அதைச் சௌமியா ஆங்கிலத்தில் அப்படியே சொன்னாள்.

முத்தம்மா கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று கரையேற்றி வைத்திருந்த படகுப் பக்கம் போனாள். மறைவிலிருந்து ஒரு பெரிய மூட்டையை இழுத்துக்கொண்டு வந்து குவியலின் மேல் கவிழ்த்தாள். அத்தனையும் அறுந்த வலைத் துண்டுகள்.

"இதை மட்டும் வண்டில ஏத்தல. மெயின்ரோட்ல பாத்தா நம்பளுதுன்னு தெரிஞ்சிடுமேன்னு ஒளிச்சு வெச்சேன்," என்றாள். "எழுதிக்கோ."

சௌமியா எழுதியிருந்த எண்ணூற்றுப் பன்னிரண்டை அடித்துவிட்டு மறுபடி எண்ண உட்கார்ந்தாள்.