இரண்டு புள்ளி குறைவு

தராசின் சின்னத் திரை மறுபடியும் அதையேதான் காட்டியது. வேண்டிய அளவைவிட இரண்டு புள்ளி குறைவு. மார்லிஸ் அந்த வெடிமருந்தைத் திரும்பப் புனலுக்குள் கொட்டிவிட்டு, கராஜ் மேசையில் திருகியிருந்த புதுக் கருவியை முறைத்துப் பார்த்தாள். பார்வைக்கு என்னவோ லட்சணமாகத்தான் இருந்தது. மேலே மருந்து நிரப்பும் புனல், நடுவில் உருளை, பக்கத்தில் கைப்பிடி. கைப்பிடியை ஏற்றினால் உருளையின் குழிக்குள் மருந்து நிறையும். இறக்கினால் கீழே பிடித்திருக்கும் காலித் தோட்டாவுக்குள் விழும். நூறு தடவை இழுத்தாலும் நூறு தடவையும் ஒரே அளவு விழ வேண்டும். அதைத் தவிர அதற்கு வேறு வேலையே கிடையாது. அதைக்கூடச் செய்யவில்லை என்றால் என்ன செய்வது?

சனிக்கிழமை மாநிலக் கைத்துப்பாக்கிப் போட்டி. அதற்குள் இருநூற்று ஐம்பது தோட்டாவை வீட்டிலேயே நிரப்பியாக வேண்டும். இன்று ஞாயிறு. நாளை முதல் பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்துவிட்டால் அவளுக்குத் தலை நிமிர நேரம் இருக்காது.

போன வருடம் நடந்ததை அவள் இன்னும் மறக்கவில்லை. ஒவ்வொருவர் பையிலிருந்தும் கைக்கு வந்தபடி எட்டுத் தோட்டாவை எடுத்து, வேகமானிக்கு முன்னால் சுட்டுப் பார்ப்பார்கள். விதித்த வேகத்துக்குக் குறைந்தால் அன்றைய மதிப்பெண் கிடையாது. வேண்டுமானால் சும்மா சுட்டுக்கொண்டு போகலாம். மார்லிஸ் அப்போது பெண்கள் வரிசையில் மூன்றாவது இடத்தில் இருந்தாள். சோதனை மேசையிலிருந்த மீசைக்காரர் எண்களைப் படித்துவிட்டு, வேகம் போதவில்லை என்று துக்க வீட்டில் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். மீதி நான்கு சுற்றையும் அவள் சும்மாதான் சுட்டாள்.

பழி முழுவதும் பழைய கருவியின் தலையில் விழுந்தது. வீட்டுக்கு வந்த அன்றே அதைக் கழற்றி, குழுத் தோழி ஜோலீனிடம் அவள் சுட்ட ஒரு ஹக்கிள்பெரிப் பழப் பலகாரத்துக்குக் கொடுத்துவிட்டாள். இந்த வருடப் போட்டி நெருங்கியதும், புதிது எதை வாங்குவது என்று மூன்று வாரம் வீட்டில் பேச்சு. அவள் கணவன் ஆர்லன் மின்சாரக் கருவி என்றான். அதுவே கொட்டி, அதுவே எடைபோட்டு, அதுவே பீப் என்று கூப்பிடுமாம். ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம் அது பீப் என்று சொல்லும்வரை காத்திருந்தால் போட்டியே முடிந்துவிடும் என்றாள் அவள். கடைக்காரர் மலிவான பிளாஸ்டிக் ஒன்றைக் காட்டினார். அதன் திருகு ஆடியது. கடைசியில் இந்தக் கனத்த இரும்பு உருளைக்காரன் வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

காலையில் தேவாலயத்திலிருந்து வந்த உடுப்பைக்கூட மாற்றாமல் இருவரும் இதனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். காற்று வறண்டிருந்தால் மருந்துத் துகள் புனலில் ஒட்டிக்கொள்ளும் என்று, துணி உலர்த்தும்போது போடும் வாசனைத் தாளால் உள்ளே துடைத்தாள். கராஜ் முழுவதும் லாவண்டர் மணம் வீசியதுதான் மிச்சம். புது உலோகம் பழகட்டும் என்று ஒரு டப்பா மருந்தை முழுதாக ஓட விட்டார்கள். திருகுகளை இறுக்கினார்கள். தராசு நடுங்குகிறதோ என்று ஹீட்டரின் விசிறியை நிறுத்திவிட்டு, குளிரில் உட்கார்ந்தார்கள். புனல் எப்போதும் பாதிக்கு மேல் நிறைந்திருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். எதற்கும் அது மசியவில்லை. ஐந்து சரியாக விழும், அடுத்த ஐந்து குறையும். திரும்ப ஐந்து சரி, அடுத்த ஐந்து குறைவு.

அளவைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிடலாமே என்றான் ஆர்லன். அப்படிச் செய்தால் சரியாக விழுவதெல்லாம் அதிகமாகிவிடும், துப்பாக்கி கையிலேயே வெடிக்க வேண்டுமா என்று கேட்டாள். ஒவ்வொன்றாக நிறுத்துப் போடலாமே என்றான். இருநூற்று ஐம்பதையுமா என்று கேட்டாள்.

"நான் அப்பவே சொன்னேன், மின்சாரத்துல போறதை வாங்குன்னு," என்றான் ஆர்லன், ஒரு திருகைத் துடைத்துக்கொண்டே.

"இன்னொரு தடவை அதைச் சொன்னேன்னா, இந்த மேசையோட சேர்த்து உன்னையும் ஜோலீன் வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

"ஜோலீன் நல்லாத்தான் சமைப்பா."

அவள் சிரிக்கவில்லை. அவளுடைய எரிச்சலுக்கெல்லாம் மேலான எரிச்சல் ஜோலீன்தான். அந்தப் பழைய ஓட்டைக் கருவியை வைத்துக்கொண்டு அவள் வருடம் முழுவதும் போட்ட தோட்டா ஒன்றுகூடத் தவறவில்லை. போன மாதம்கூட, தங்கமான கருவி, ஒரு பலகாரத்துக்குக் கொடுத்துவிட்டாயே என்று செய்தி அனுப்பியிருந்தாள்.

அப்போது உள்ளே தொலைபேசி அடித்தது. ஞாயிறு நான்கு மணி என்றால் ஆர்லனின் அக்கா கிளாடீன்தான். அந்த நாத்தனாரின் அழைப்பு அரை மணிக்குக் குறைந்து முடிந்ததாகச் சரித்திரமே இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு அவன் உள்ளே போனான். காலையிலிருந்து இப்போதுதான் மார்லிஸ் தனியாக இருந்தாள்.

அவள் இழுத்தாள். இரண்டு புள்ளி குறைவு. அடுத்ததும் இரண்டு புள்ளி குறைவு. பத்து, பதினைந்து, இருபது என்று இழுத்துக்கொண்டே போனாள். இருபதும் இரண்டு புள்ளி குறைவு. ஒன்றுகூட மேலே போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை.

அவள் கைப்பிடியை விட்டுவிட்டு நாற்காலியில் அப்படியே சாய்ந்தாள். சமையலறையில் ஆர்லன் கிளாடீனின் முழங்கால் வலியைப் பற்றி விசாரிப்பது கேட்டது.

கல்யாணமான இருபத்தாறு வருடமாக அந்த வீட்டில் எல்லாமே பாதிக்குப் பாதிதான். பாத்திரத்தில் பாதி அவன், பாதி அவள். வாசல் பனியைத் தள்ளும்போது அஞ்சல் பெட்டிவரை அவன், அதற்கப்புறம் அவள். நெடும்பயணத்தில் பாதி வழியில் வண்டியை நிறுத்தி இடம் மாறிக்கொள்வார்கள். தோட்டா போடும்போதும் அப்படித்தான். ஐந்து அவன், ஐந்து அவள்.

அவன் திரும்பி வந்ததும் கைப்பிடியைக் காட்டினாள்.

"அஞ்சு தடவை இழு."

ஆர்லன் கைப்பிடியை இழுப்பது மாட்டுக் கொட்டகைக் கதவைச் சாத்துவது போல இருக்கும். ஏற்றும்போது ஒரு டக், இறக்கும்போது ஒரு டக். அந்த அதிர்ச்சியில் மருந்து குழிக்குள் கெட்டியாக இறங்கிவிடும். ஐந்தும் மிகச் சரியாக இருந்தன. பிறகு அவள் இழுத்தாள், தூங்கும் குழந்தையின் அறைக் கதவை மூடுவது போல. ஐந்தும் இரண்டு புள்ளி குறைவு.

ஆர்லன் தராசையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"போன வருஷம் தராசு வெச்சு அளவைச் சரி பண்ணினது யாரு?" என்று கேட்டாள்.

"நான்தான்."

"அந்த அளவை வெச்சுப் பாதித் தோட்டாவைப் போட்டது?"

அவன் கைப்பிடியின்மேல் கையை வைத்தான். "நீ."

மீசைக்காரர் பையிலிருந்து எடுத்த எட்டில் பெரும்பாலானவை அவள் கை போட்டவையாக இருந்திருக்க வேண்டும். பழைய கருவியில் ஒரு கோளாறும் இல்லை. மூன்று வாரப் பேச்சு, போன பணம், பனியில் உறைந்த இந்த ஞாயிறு, எல்லாமே வீண். யார்மீதாவது கோபப்பட்டால் ஆறுதலாக இருக்கும். ஆனால் கோபப்பட அங்கே யாரும் இல்லை.

"அப்ப ஜோலீனுக்கு மட்டும் எப்படி..." என்று ஆரம்பித்தான் ஆர்லன்.

"அவ வீட்ல கைப்பிடியை இழுக்க அவ ஒருத்திதானே இருக்கா."

அவன் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தான். பிறகு எங்கே வைப்பது என்று தெரியாமல் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அவளுக்கு அதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"சுடப் போறது நான். இதை நானே போடறேன் ஆர்லன். மொத்தத்தையும்."

"இருபத்தாறு வருஷத்துல முதல் தடவை," என்றான் அவன். "சரி. இனிமே பனி முழுக்க உன்னுது."

அளவுத் திருகைத் தன் கைக்கு ஏற்றபடி அவள் புதிதாகத் திருப்பினாள். பத்து இழுத்து, பத்தையும் நிறுத்துப் பார்த்தாள். பத்தும் சரி. ஐம்பது காலித் தோட்டா நிற்கும் மரத்தட்டை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டாள். கடைசி வரிசை முடிந்தபோது ஆர்லன் எங்கிருந்தோ டார்ச் விளக்கைக் கொண்டுவந்து, குனிந்து ஒவ்வொரு தோட்டாக் கூட்டுக்குள்ளும் வெளிச்சம் அடித்துப் பார்த்தான். ஒன்றில் இரண்டு தடவை விழுந்திருக்கக் கூடாது, ஒன்றும் காலியாக நிற்கக் கூடாது. அந்த வேலையை அவனுக்கு யாரும் கொடுக்கவில்லை. வேண்டாம் என்று அவளும் சொல்லவில்லை.

சனிக்கிழமை அதே மீசைக்காரர்தான் இருந்தார். பைக்குள் கைவிட்டு எட்டு எடுத்தார். மார்லிஸ் காதுகளை மூடிக்கொண்டு எண் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். முதல் எண் வந்தது. அடுத்தது வந்தது. எட்டு எண்களும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து உட்கார்ந்தன, எல்லாமே விதித்த வேகத்துக்கு மேலே.

மீசைக்காரர் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "போன வருஷத்துக்கு இப்ப எவ்வளவோ தேவலை. புதுக் கருவி வாங்கினீங்களா?"

மார்லிஸ் திரும்பிப் பார்த்தாள். ஆர்லன் இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி நின்றிருந்தான்.

"ஆமாம்," என்றாள். "வாங்காமலே இருந்திருக்கலாம்."