நூற்றுப்பத்தில் கத்தும் பெட்டி

யானை வாங்கியவன் அங்குசத்துக்கு அழுவானா? டிலான் அழவில்லை. பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிய இரண்டாம் கிழமையே, பொலிஸ் ராடரைத் தூரத்திலேயே மோப்பம் பிடித்துக் கத்தும் பெட்டி ஒன்றைக் கனடாவின் மறுகோடியில் உள்ள அல்பேர்ட்டா மாகாணத்திலிருந்து தபாலில் எடுப்பித்துவிட்டான். அங்கே அது கடையில் விற்கிற சாமான். அவன் இருக்கிற கியூபெக் மாகாணத்தில் வைத்திருந்தாலும் குற்றம், பூட்டிக் கொடுத்தாலும் குற்றம். அதைப் பூட்டித் தரச் சொல்லி அவன் வந்து நின்றதோ சொந்த அக்காவிடம்.

அக்கா துஷாந்தினி செயின்ட்-மிஷேலில் ஒரு கராஜில் வாகனங்களுக்கு வயரிங் செய்கிறவள். பதினொரு வருடமாக இதே வேலை. அவள் வயர் இழுத்த காரை, அதைச் செய்த கொம்பனிக்காரனே வந்து தடவிப் பார்த்தாலும் எங்கே கை வைத்தாள் என்று கண்டுபிடிக்கமாட்டான். இதை அவளே நாலு பேரிடம் சொல்லிக்கொள்வாள். அடக்கம் என்பது அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் வாய்க்கவில்லை.

"என்னால ஏலாது," என்றாள். "மெதுவா ஓடு. பெட்டி தேவைப்படாது."

"அக்கா, லைசென்ஸில மூண்டு பொயின்ற்தான் மிச்சம். இன்னொருக்காப் பிடிச்சானெண்டா வேலையும் போச்சு." டிலான் ஜான்-டலோன் சந்தையிலிருந்து உணவகங்களுக்கு வானில் மரக்கறி ஏற்றிக்கொண்டுபோய் இறக்குகிறவன். இருபத்துமூன்று வயது. "நீ செய்யாட்டி லாவாலில ஒருத்தன் பூட்டித் தாறானாம். எனக்கென்ன?"

லாவால்காரனின் வேலையைத் துஷாந்தினி பார்த்திருக்கிறாள். எயார்பேக்குக்கு முன்னால் வயரைத் தொங்கவிட்டு டேப் சுற்றுகிற ஆள் அவன். ஆனால் அவளை யோசிக்க வைத்தது வயர் அல்ல. அந்தப் பெட்டி நல்லபடி வேலை செய்தால் டிலான் நெடுஞ்சாலையில் நூற்று அறுபதில் பறப்பான். அவள் வேலை செய்யும்போது தெரியாத நம்பரில் இருந்து அழைப்பு வந்தால், செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய் எடுப்பாள். தம்பி உயிரோடு வீட்டுக்கு வரவேண்டும், அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"சரி, சாவியை வச்சிட்டுப் போ," என்றாள்.

அவளுடைய கராஜில் கொம்பனி லொறிகளுக்கு வேக எச்சரிக்கைக் கருவி பூட்டுவார்கள். சாரதி குறித்த வேகத்தைத் தாண்டினால் அது கத்தும், குறைத்தால் நிற்கும். துஷாந்தினி டிலானின் பெட்டியைத் திறந்து, ராடரைப் பிடிக்கிற மின்சுற்றுப் பலகையைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த லொறிக் கருவியை உள்ளே குடியேற்றினாள். நூற்றுப்பத்து என்று வேகத்தைக் குறித்தாள். வெளியே அதே கறுப்புக் கூடு, அதே பச்சை விளக்கு.

பிறகு பூட்டினாள். காரின் முன்கண்ணாடிக்கு மேலே, பின்புறம் பார்க்கும் கண்ணாடியின் மறைவில் பெட்டி. வயரைக் கூரைத் துணிக்குள் தள்ளி, ஓரத் தூணின் உறையைக் கழற்றி, எயார்பேக்கின் முதுகுப்பக்கமாக இறக்கி, பியூஸ் பெட்டியில் சாவி திருப்பினால் மட்டும் மின்சாரம் வருகிற இடத்தில் கொழுவினாள். உறை திரும்ப அமர்ந்தபோது 'டக்' என்றது. அந்தச் சத்தம் கேட்டால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

ஒரே கல்லில் இரண்டு மாங்காய். காருக்குள் சட்டவிரோதமாக ஒன்றும் இல்லை, தம்பியும் நூற்றுப்பத்தைத் தாண்டமாட்டான். தன் கெட்டித்தனத்தை மெச்சியபடி அன்று அவள் இரண்டு கோப்பை பிளேன்டீ குடித்தாள். கெட்டிக்காரியின் புளுகு எட்டு நாளைக்கு என்று யாரும் அவளுக்கு ஞாபகப்படுத்தவில்லை.

இவளுடைய புளுகு மூன்று கிழமை ஓடியது. டிலான் போகிற இடமெல்லாம் அக்காவின் கைவண்ணத்தைப் பாடினான். ஆறு தரம் பெட்டி தன்னைக் காப்பாற்றியது என்று கணக்கும் வைத்திருந்தான். அவளும் வாயை மூடிக்கொண்டு கேட்டிருந்தாள்.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை, கர்க்லாண்டில் மாமி வீட்டுப் பிறந்தநாளுக்குத் தம்பியின் காரில் போனாள். அவன் ஓட்ட அவள் அதில் போவது அதுதான் முதல் தடவை. இரண்டே இருக்கை. மடியில், பிறந்தநாளுக்குப் பொரித்த அறுபது ரோல்ஸ் அடுக்கிய தட்டு.

நெடுஞ்சாலையில் பெட்டி ஒருமுறை கத்தியது. டிலான் உடனே காலை எடுத்துத் தொண்ணூற்றெட்டுக்கு இறக்கினான். கோயிலைக் கடக்கிறவன் மாதிரி அவ்வளவு பவ்யம்.

"பாத்தியா? எங்கயோ ஒளிச்சு நிக்கிறான்."

"ஓம், நிப்பான்," என்றாள் துஷாந்தினி. சிரிப்பை அடக்க வெளியே பார்த்தாள்.

வெளியேறும் பாதையால் இறங்கிக் கர்க்லாண்டின் உள்ளே திரும்பினார்கள். இரண்டு பக்கமும் வீடுகள், புல்தரை, ஒரு வாசலில் கவிழ்ந்து கிடந்த மூன்று சில்லுச் சைக்கிள். டிலான் கியரை மாற்றினான். இருக்கை அவளைப் பின்னால் இழுத்தது. அறுபது. எழுபத்தைந்து.

"டேய், மெதுவா."

"சத்தம் இல்லைத்தானே," என்றான்.

அவளுக்கு உடனே விளங்கவில்லை. அடுத்த நொடி விளங்கியது. நூற்றுப்பத்துக்குக் கீழே அந்தப் பெட்டி ஊமை. நெடுஞ்சாலையை மட்டும் நினைத்துத்தான் அவள் அந்த எண்ணைக் குறித்தாள். வீதிகளை நினைக்கவில்லை. ஊமையாக இருக்கிற பெட்டி இவனுக்கு ஒவ்வொரு தெருவிலும், பயமில்லை, போ என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. மூன்று கிழமையாக.

"இது நாற்பது ஓடுற இடமாத்தான் இருக்கும், டிலான்."

"ஆர் பாக்கப்போறான்? நான் இப்ப வேக முள்ளைப் பாக்கிறதே இல்லை அக்கா. உன்ர பெட்டி பாக்குது."

எண்பத்தைந்து. தூரத்தில் ஒரு பஸ் நின்றுகொண்டிருந்தது. அதன் பின்பக்கமாக யாரோ இறங்கினார்கள்.

"பெட்டியெண்டா சிலநேரம் பிழைக்கும்தானே."

"மற்றவன் பூட்டினது பிழைக்கும்." அவன் சிரித்தான். "நீ பூட்டினது பிழைக்காது."

சொல்லிவிடலாம். சொன்னால் நாளைக்கே லாவாலுக்குப் போவான், உண்மையான பெட்டி ஒன்றைப் பூட்டுவான், நெடுஞ்சாலையில் நூற்று அறுபதில் போவான், அவள் இனி என்ன சொன்னாலும் நம்பமாட்டான். சொல்லாவிட்டால் இதோ இந்தத் தெரு, இதோ அந்த பஸ். இரண்டு பக்கமும் இடி வாங்கும் மத்தளமாக அவள் இருந்தாள். அந்த மத்தளத்தைச் செய்தவளும் அவள்தான். தொண்ணூறு. பஸ்ஸின் பின்னாலிருந்து ஒரு கிழவர் வீதியில் காலை வைத்தார், கையில் நாய்க்கயிறு.

"அதுக்குள்ள ஒண்டும் இல்லையடா!" என்று கத்தினாள். "பிரேக்கைப் பிடி! பெட்டிக்குள்ள ஒண்டும் இல்லை!"

டிலான் பிரேக்கை மிதித்தது வார்த்தை விளங்கியதால் அல்ல, அந்தக் குரலுக்கு. அக்கா அப்படிக் கத்தி அவன் கேட்டதில்லை. கார் வலப்பக்கமாக இழுத்துக்கொண்டுபோய்க் கரைக்கல்லோடு நின்றது. ரோல்ஸ் எல்லாம் காலடியில். கிழவர் நாயைக் கையில் தூக்கிக்கொண்டு, பிரெஞ்சில் நன்றாகத் திட்டிவிட்டு வீதியைக் கடந்தார். திட்டுக்கு இருவரும் தலை குனிந்தார்கள்.

"என்ன இல்லை?" என்றான் டிலான்.

"ராடரைப் பிடிக்கிற சாமான். நான் கழட்டிப்போட்டன். லொறிக்குப் பூட்டுறதை உள்ள வச்சனான். நூற்றுப்பத்துக்கு மேல போனாத்தான் கத்தும். அதுக்குக் கீழ பொலிஸ் உன்ர மடியில வந்து இருந்தாலும் கத்தாது."

அவன் பெட்டியை நிமிர்ந்து பார்த்தான். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அப்ப அந்த ஆறு தரம்?"

"ஒருத்தரும் நிக்கேல்ல. நான்தான் நிண்டன்."

கோபிப்பான், ஸ்டியரிங்கில் குத்துவான், இறக்கிவிட்டுப் போவான் என்று அவள் காத்திருந்தாள். அதற்கெல்லாம் மனதைத் தயார்படுத்தியிருந்தாள். அவனோ எஞ்சினை நிறுத்தினான். முகம் வெளுத்திருந்தது. பிறகு மெல்லிய குரலில், வேறு யாருடைய கதையையோ சொல்வதுபோலச் சொன்னான்.

"செவ்வாய்க்கிழமை ஜாரி வீதியால வந்தனான். அங்க பிள்ளையளைப் பாக்கிற கார்டெறி ஒண்டு இருக்கு. சின்னப் பிள்ளையளைக் கயிறு பிடிக்கவிட்டு வரிசையாக் கூட்டிக்கொண்டு போவினமே, அப்பிடிப் போச்சினம். கடைசிப் பிள்ளை கயித்தை விட்டிட்டு றோட்டுப் பக்கம் திரும்பினது. நான் எண்பதில வந்தனான். கையை நீட்டினா எட்டியிருக்கும், அக்கா."

துஷாந்தினி வெறும் தட்டை மடியிலிருந்து இறக்கினாள்.

"பயந்திட்டன். பேந்து நினைச்சன், பெட்டி கத்தேல்லத்தானே, நான் பிழையா ஓடேல்ல எண்டு."

உன் உயிருக்காகத்தான் செய்தேன் என்று சொல்லலாம். அது உண்மையும்கூட. ஆனால் முகம் தெரியாத அந்தப் பிள்ளை அவளுக்கும் அந்த வார்த்தைக்கும் நடுவில் கயிற்றை விட்டுவிட்டு நின்றது. அது நீலச் சட்டை போட்டிருந்ததா, மஞ்சளா என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்கவில்லை.

"லாவால்காரன் பூட்டியிருந்தா நான் இப்பிடி நம்பியிருக்கமாட்டன்," என்றான் டிலான். குற்றம் சாட்டவில்லை அவன். அதுதான் அவளைச் சுட்டது. "வயர் ஒண்டும் வெளியில தெரியேல்ல. உன்ர வேலை எண்டுதான் நம்பினன்."

"பிழை விட்டிட்டன்டா," என்றாள். பதினொரு வருடத்தில் ஒரு வேலையைப் பற்றி அவள் அப்படிச் சொன்னதில்லை. கண்ணீர் வந்தது, துடைக்கவும் தோன்றவில்லை.

பஸ் போய்விட்டது. மாமியிடமிருந்து அழைப்பு வந்து, அடித்து, ஓய்ந்தது.

டிலான் திரும்ப எஞ்சினைக் கிளப்பினான். வீதிக்கு இறக்கினான். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான், முதல் நாள் ஓட்டப் பழகுகிறவனைப்போல. ஓர் இருபது கெஜம் போயிருப்பான். காலை எடுத்தான்.

"அக்கா, இந்த றோட்டில எவ்வளவில போகலாம்?"

நாற்பதாக இருக்கும் என்று சற்றுமுன் அவள்தான் சொன்னாள். அதுவும் ஊகம்தான். இனித் தெரியாத எதையும் அவனுக்குச் சொல்ல அவளுக்குத் துணிவில்லை.

"தெரியாது," என்றாள். "போர்ட் எங்கயாவது போட்டிருப்பாங்கள். நீ அந்தப் பக்கம் பார், நான் இந்தப் பக்கம் பாக்கிறன்."

கார் ஊர்ந்தது. பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான், பிறகு இன்னொருவன். அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு ஜன்னலால் தலையை நீட்டி, அந்த எண்ணைத் தேடிக்கொண்டு போனார்கள்.