எஸ் டீச்சரின் வீட்டு உதாரணங்கள்

மருந்துக் கடை மாடியில் மாலை நேர இங்கிலீஷ் வகுப்பு. படிக்க வருகிறவர்கள் எல்லோரும் பகலில் வேலைக்குப் போகிறவர்கள். அவர்களுக்கு அவள் எஸ் டீச்சர். "டூ பிளேட்" என்று யாராவது சொல்லிவிட்டால் தொலைந்தார்கள். "எஸ் எங்க? வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டீங்களா?" என்று பிடித்துக்கொள்வாள்.

பாடப்புத்தகத்து ஆப்பிளும் யானையும் அவளுக்கு ஆகாது. தன் வீட்டில் இருப்பதைத்தான் உதாரணமாகச் சொல்வாள். தனிக்கட்டை என்பதால் ஒருமைக்குப் பஞ்சமில்லை. ஒன் பிளேட், ஒன் டவல், ஒன் தலையணை. பன்மைக்கு வகுப்பிலிருந்த பெஞ்சுகளைக் காட்டி ஓட்டிவிடுவாள்.

மூன்று வாரத்துக்கு முன் தங்கை வந்து சேர்ந்தாள். புருஷன் அடித்ததில் தோள்பட்டை இறங்கி, கட்டிய துணியோடு வந்து நின்றாள். "நான் இங்க இருக்கறது தெரிஞ்சா கொன்னுடுவாருக்கா" என்றாள். அது வெறும் பேச்சில்லை என்று அக்காவுக்குத் தெரியும். அவன் ஒரு தடவை வாசலுக்கே வந்து கேட்டான். இல்லவே இல்லை என்று சாதித்து அனுப்பினாள். தங்கைக்குத் தொலைவில் ஒரு வேலையும் விடுதியும் ஏற்பாடாகியிருந்தன. ஞாயிற்றுக்கிழமை பயணம். அதுவரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது. அவளும் விடவில்லை.

இன்றைக்கு "டூ பிளேட்ஸ் ஆர் இன் த சிங்க்" என்று போர்டில் எழுதிவிட்டுத் திரும்பினாள். கடைசி பெஞ்சில் புதிதாகச் சேர்ந்தவன் கையைத் தூக்கினான்.

"ஒரு சந்தேகம் டீச்சர். முன்னாடியெல்லாம் உங்க வீட்டுல எல்லாமே ஒன்னுதானாம், இவங்க சொல்றாங்க. நான் வந்ததுலேர்ந்து பிளேட் ரெண்டு, டவல் ரெண்டு, தலகாணி ரெண்டு. விருந்தாளி வந்திருக்காங்களா?"

"டீச்சருக்குக் கல்யாணம் ஆயிடுச்சு போல, நமக்குத்தான் சொல்லல" என்றாள் தையல்காரப் பெண். வகுப்பே சிரித்தது.

டீச்சர் கேள்வி கேட்டவன் பக்கம் திரும்பினாள். அவன் போட்டிருந்த பழுப்புச் சட்டையை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தாள். காலரில் மஞ்சள் பட்டி. தங்கை புருஷனின் லாரிப் பட்டறையில் எல்லோருக்கும் அதே சட்டைதான். ஒரு வாரமாக எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறான், கண்ணில் படவில்லை. வாய்க்குப் பூட்டுப் போட்டவள் போர்டுக்குப் போடாமல் விட்டோமே என்று தன்னையே சபித்துக்கொண்டாள். பயத்தை வெளிக்காட்டினால் கதை முடிந்தது.

போர்டைத் துடைத்து, "மை சிஸ்டர் வாஸ் ஹியர். ஷி ஹாஸ் கான்" என்று எழுதினாள்.

"தங்கச்சி வந்திருந்தா. போன வாரமே ஊருக்குப் போயிட்டா. நான்தான் பழக்கத்துல ரெண்டு ரெண்டா சொல்லிட்டிருக்கேன். இனிமே ஒன் பிளேட்தான்."

குரல் நடுங்கவில்லை. அதில் அவளுக்கே ஆச்சரியம். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். அவனும் நிதானமாக எழுதி முடித்து, பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு எழுந்தான்.

"அப்ப இன்னிக்குக் காலையில, நீங்க பஸ் ஏறிப் போன பிறகு, உங்க மாடியில துணி காயப்போட்டது யாரு டீச்சர்?"

யாரும் சிரிக்கவில்லை.

"மன்னிச்சுக்கங்க. இத இங்கிலீஷ்ல எப்படிக் கேக்கறதுன்னு தெரியல" என்று பணிவாகச் சொல்லிவிட்டு, செல்போனைக் காதில் வைத்தபடி படியிறங்கிப் போனான்.