பெரியம்மா வீட்டில் எத்தனை பேர்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, ஓர் உதறு உதறி, நடுவில் வந்து முனைகளைச் சேர்த்து, மறுபடி விலகிப் போக வேண்டும். மூன்று வருடமாகச் சேர்ந்து மடிக்கிறவர்களுக்கு இது தூக்கத்தில்கூட வரும். அன்றைக்கு வாண்டுவின் அம்மாவுக்கு வரவில்லை. உள்ளே மடங்க வேண்டிய கரை வெளியே நின்றது. முனை கை நழுவித் தரையில் விழுந்தது. தரையில் விழுந்த விரிப்பு மறுபடி தண்ணீருக்குப் போக வேண்டும் என்பது விதி.

எதிர்முனையைப் பிடித்திருந்தவள் வயதில் மூத்தவள். நீராவியில் மங்கிப்போகும் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டே வேலை செய்வாள். கண்ணாடியக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும்.

"என்னடி, கை இங்க இருக்கு, மனசு எங்க மேயுது?"

"வாண்டுதான்க்கா."

"காய்ச்சலா?"

"காய்ச்சல்னா மருந்து குடுத்துட்டு வந்திருப்பேனே."

ஞாயிற்றுக்கிழமை பார்சல்காரன் வந்து அழைப்புமணியை அழுத்தியிருக்கிறான். தரையில் கிண்ணத்தை உருட்டிக்கொண்டிருந்த வாண்டு, இரண்டரை வயதுப் பெண், கிண்ணத்தைப் போட்டுவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். பார்சல்காரன் போய் வெகுநேரம் ஆகியும் வரவில்லை. குனிந்து பார்த்தால் உதட்டின் மேல் விரல். படுத்திருந்த இடத்தில் ஈரம். அம்மா இழுத்து வெளியே எடுத்தபோது, "போயாச்சா?" என்று கிசுகிசுத்தாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டதற்கு, பகலில் பிள்ளை பார்த்துக்கொள்கிற பெரியம்மாவாம். மணி அடித்தால் எலி விளையாட்டாம். எலி பேசினால் பூனை வந்துவிடுமாம்.

கண்ணாடியக்கா விரிப்பைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள்.

"யார் வந்து மணி அடிக்கிறாங்களாம்?"

"அதான் தெரியலைக்கா."

மதியச் சாப்பாட்டு வேளையில் வாண்டுவின் அம்மா வேகமாக நடந்து பெரியம்மா வீட்டுக்குப் போனாள். சலவைக்கூடத்துக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு தையல்கடைக்கு மேலே இருந்தது அந்த வீடு. பெரியம்மா என்பது பிள்ளைகள் வைத்த பெயர். தாய்மார்களும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். விடியும் முன்பே ஷிப்ட் தொடங்குகிற பெண்களுக்கு அந்நேரம் கதவைத் திறக்கிற வீடு ஊரில் அது ஒன்றுதான். மற்ற நாட்களில் காலையில் படியில் வைத்தே பிள்ளையைக் கொடுத்து, மாலையில் படியில் வைத்தே வாங்கிக்கொள்வது வழக்கம். பகலில் உள்ளே போய் அவள் பார்த்ததில்லை.

மணியை அழுத்தாமல் கதவைத் தட்டினாள்.

கூடத்தில் பிள்ளைகள் சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பெரியம்மா இடுப்பில் ஒன்றை இடுக்கிக்கொண்டு, ஒரே கிண்ணம் ஒரே கரண்டியோடு வாய்வாயாக ஊட்டிக்கொண்டே நகர்ந்தாள். கடைசி வாய்க்குப் போய்ச் சேர்வதற்குள் முதல் வாய் அழ ஆரம்பித்தது. மூலையில் ஒரு கைக்குழந்தை நாற்காலியில் பட்டையால் கட்டப்பட்டிருந்தது. அதன் பால்புட்டியைச் சுருட்டிய துண்டு ஒன்று தாங்கிக்கொண்டிருந்தது. வாயிலிருந்து புட்டி நழுவி, பால் கழுத்துக்குள் வழிந்து போயிற்று. யாரோ மலம் கழித்திருக்க வேண்டும், வாடை அறை முழுக்க நின்றது. கதவுக்கு மேலே சட்டம் போட்டு மாட்டிய அனுமதிச் சான்றிதழில் ஆறு பேர் என்று இருந்தது. அவள் எண்ணினாள். பதினொன்று.

"என்னம்மா இந்நேரத்துல? பிள்ளை நல்லாத்தானே இருக்கா?"

"எலி விளையாட்டுன்னா என்ன பெரியம்மா?"

பெரியம்மாவின் கரண்டி பாதியில் நின்றது. இடுப்பிலிருந்ததை இறக்கிவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"லைசென்ஸ் குடுத்த ஆபீஸ்ல இருந்து எப்ப வேணாலும் எண்ணிப் பாக்க வருவாங்க. நான் என்ன செய்யட்டும்? சும்மா தரையில விடலை, கட்டிலுக்கு அடியில பாய் போட்டு வெச்சிருக்கேன், வேணும்னா பாத்துக்கோ."

"மூச்சு முட்டாதா?"

"ஏம்மா, நீ வந்து நின்ன அன்னைக்கே எனக்கு எட்டு. இடமில்லைன்னுதானே சொன்னேன்? இந்தப் படியில உக்காந்து நீ அழுதியா இல்லையா?"

அழுதது உண்மைதான். லாரி ஓட்டுகிற கணவன் பாதி நாள் சாலையில் இருப்பான். மற்றவர்களும் அதே படியில்தான் அழுதிருப்பார்கள்.

"இல்ல பெரியம்மா, ஒரு தீ கீ பிடிச்சா..."

"எனக்கு ரெண்டு கைதான்மா இருக்கு," என்றாள் பெரியம்மா. குரலில் கோபம் இல்லை. வரிசையில் அடுத்த வாய்க்குக் கரண்டியை நீட்டினாள்.

வாண்டு அம்மாவைப் பார்த்தும் எழுந்து ஓடி வரவில்லை. தன் முறை வரட்டும் என்று வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

சலவைக்கூடத்தில் ஒரு நடைமுறை உண்டு. துணி வரத்து கூடி, விரிப்பைத் தேய்க்கிற உருளை இயந்திரத்தில் நிற்கிற இருவரால் சமாளிக்க முடியாமல் போனால், சுவரில் இருக்கும் சிவப்பு விளக்கைப் போட வேண்டும். மாடியில் இருக்கும் சூப்பர்வைசர் முணுமுணுத்துக்கொண்டாவது மூன்றாவது ஆளை அனுப்பிவிடுவார். வந்த துணியை யாரும் திருப்பி அனுப்பியதில்லை.

"ஆபீஸுக்குச் சொல்லப் போறேன்க்கா," என்றாள் மறுநாள். "பெரியம்மா கெட்டவங்க இல்ல. ஒத்தை ஆளா திண்டாடுறாங்க. கூட ஒரு ஆளைப் போட்டுக் குடுத்தா எல்லாப் பிள்ளைங்களும் ஒழுங்கா இருக்கும்."

"அந்த ஆபீஸ் நம்ம ஆபீஸ் மாதிரி இல்லடி."

"பிள்ளைங்க விஷயம்க்கா. துணிக்கே ஆள் அனுப்புறாங்க."

கண்ணாடியக்கா அடுத்த விரிப்பின் முனையை எடுத்தாள். அவளுடைய பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள்.

போனில் பேசிய அதிகாரி தன்மையாகப் பேசினாள். சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள். உங்க பேர் வெளியே வராது, தைரியமா இருங்க என்றாள். ஒரு ஆள் கூடப் போடுவீங்களா மேடம் என்று கேட்டதற்கு, "வந்து பாத்துட்டு வேண்டியதைச் செய்வோம்," என்றாள். வாண்டுவின் அம்மாவுக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது. அன்றைக்கு அவள் மடித்த விரிப்பில் ஒன்றுகூடக் கோணவில்லை.

அடுத்த வாரம் அவள் பிள்ளையை வாங்கப் போனபோது படி நிறையத் தாய்மார்கள் நின்றிருந்தார்கள். பெரியம்மா வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"யாரோ போட்டுக் குடுத்துட்டாங்க. அந்த ஆபீஸ் அம்மா நேரா உள்ளே வந்து, முட்டிபோட்டு, கட்டிலுக்கு அடியில டார்ச் அடிச்சுப் பாக்குறா. இதோ, இவளோட வாண்டு, அவளைப் பாத்தே விரலை வெச்சு 'உஷ்'ங்குது."

யாரோ ஒருத்தி சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டாள்.

"இனிமே ஆறு பேர்தான். கடைசியா சேந்த அஞ்சு பேரை இந்த வாரத்தோட நிறுத்தணும். இல்லைன்னா மொத்தமா பூட்டு."

"கூட ஆள் குடுக்கச் சொல்லிக் கேட்டீங்களா?" என்று கேட்டாள் வாண்டுவின் அம்மா.

"கேக்காமலா? ஆள் வெச்சா நான்தான் வெச்சுக்கணுமாம். அதுக்கு இன்னொரு ரூமும் வேணுமாம். எங்கிட்ட ஏதும்மா ரூமு?" பெரியம்மா அவள் தோளில் கை வைத்தாள். "உன்னை நிறுத்தத்தான் எனக்கு மனசே வரலை. உன் பிள்ளை வாயே திறக்காதுடி, தங்கம். போட்டுக் குடுத்தவ யாரோ, அவளுக்கும் ஒரு பிள்ளை இருக்கும்தானே?"

சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சுற்றி நின்றவர்களில், பிள்ளை நிறுத்தப்படப்போகிற மற்ற நான்கு பெண்களின் முகத்தைப் பார்த்தாள். அவர்களும் வேலைக்குப் போகிறவர்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

முறையான காப்பகங்களில் காத்திருக்கச் சொன்னார்கள். அவையும் அவளுடைய ஷிப்ட் தொடங்கி வெகுநேரம் கழித்தே திறக்கிறவை. ஒரு வாரம் விடுப்பு எடுத்தாள். அடுத்த வாரம் கணவன் ஒரு லோடை விட்டுவிட்டு வீட்டில் இருந்தான். அதன் பிறகு சூப்பர்வைசர் கூப்பிட்டு, "உன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லம்மா, ஆனா எதிர்முனையைப் பிடிக்க ஆள் வேணுமில்ல?" என்றார். அவள் இடத்தில் வேறொருத்தி வந்தாள். கண்ணாடியக்கா புதியவளுக்குக் கரையை எப்படி உள்ளே மடிப்பது என்று காட்டிக் கொடுத்தாள்.

ஒரு காலை, சலவைக்கூடத்தில் கணக்குத் தீர்த்துக்கொண்டு வாண்டுவோடு திரும்பி வருகையில், கடைத்தெரு முனையில் பெரியம்மா வந்தாள். கையில் புதிய மஞ்சள் கயிறு ஒன்று இருந்தது. பிள்ளைகளைப் பத்திரமாக வெளியே கூட்டிப்போக அந்த ஆபீஸில் கொடுத்ததாம். அதில் ஆறு வளையங்கள். வளையத்துக்கு ஒரு பிள்ளையாகப் பிடித்துக்கொண்டு பூங்காவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். தலை வாரியிருந்தது. மூக்குகள் சுத்தமாக இருந்தன. பெரியம்மாவேகூடச் சற்றுச் சதை போட்டிருந்தாள். ஒரு பையன் கேட்ட கேள்விக்கு நின்று, குனிந்து, பதில் சொன்னாள்.

வாண்டு கையை உதறிக்கொண்டு ஓடினாள். வரிசையின் பின்னால் போய் நின்று, கடைசி வளையத்துக்கும் பின்னால் தொங்கிய கயிற்றின் நுனியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

பெரியம்மா திரும்பிப் பார்த்தாள். தெருவின் இரு பக்கமும் பார்த்தாள்.

"விட்டுடு கண்ணு," என்றாள் மெதுவாக. "யாராவது எண்ணிப் பாத்தா பெரியம்மாவுக்குத் தப்பாப் போயிடும்."

வாண்டு விடவில்லை. அம்மா வந்து மண்டியிட்டு, சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். வாண்டு சத்தம் போட்டு அழவில்லை.

பெரியம்மா ஒரு கையைத் தூக்கிக்கொண்டு சாலையில் இறங்கினாள். இரு பக்கமும் பஸ், லாரி எல்லாம் நின்றன. கடைசிப் பிள்ளை எதிர்ப்பக்க நடைபாதையில் கால் வைக்கும்வரை பொறுமையாக நின்றுவிட்டு, பிறகு, வாண்டுவும் அம்மாவும் இந்தப் பக்கமே நிற்க, ஒன்றன்பின் ஒன்றாக, நடுவில் இடைவெளியே விடாமல் கிளம்பிப் போயின.