நோன்பில்லாத வீட்டுப் பிள்ளை

சீனிமுகம்மதுவுக்கு இடுப்பு இரண்டாகப் பிளந்துவிடும்போல் இருந்தது. கரைவலைக் கயிற்றை இடுப்புப் பட்டியில் கொளுவிக்கொண்டு, குதிகால் மணலில் புதையப் புதையப் பின்பக்கமாகவே நடந்ததில் வயிறு முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. ஆடிமாதத்துக் கச்சான் காற்று அடுப்புக்குள்ளிருந்து வருவதுபோல வந்து முகத்தில் அடித்தது. நாக்கு வாய்க்குள் ஒரு காய்ந்த சிப்பிபோலக் கிடந்தது.

நோன்பு மாதம். அவனும் விடியுமுன் சஹருக்கு எழும்பி, மனைவி ஹப்ஸா போட்ட சோற்றைத் தின்று, இன்று நோன்பு நோற்கிறேன் என்று மனதார நிய்யத்தும் வைத்துவிட்டுத்தான் கடற்கரைக்கு வந்திருந்தான். தினமும் அப்படித்தான். ஆனால் வலையின் மடி கரையேறும் நேரத்துக்குள் அந்த நிய்யத் வியர்வையோடு வழிந்து சாய்ந்தமருதுக் கரை மணலில் கலந்துவிடும். மிச்சப் பகலுக்கு வெறும் மனிதன்தான் நிற்பான்.

வெறும் மனிதர்களுக்காகவே முதலாளி அப்துல் ஸமட்டின் மீன்வாடிக் குடிசைக்குப் பின்னால் ஒரு சாக்கு தொங்கியது. அப்துல் ஸமட் வலைக்கும் சொந்தக்காரர், பள்ளிவாசலை நிர்வகிக்கிற மரைக்காரும்கூட. பொழுதுபட்டு மஃரிபுக்கு ஊருக்கெல்லாம் நோன்புக் கஞ்சி ஊற்றுகிறவர் அவர். பகலில் சாக்குக்குப் பின்னால் பிளேன்டீ ஊற்றுகிறவரும் அவரே. தேத்தண்ணி இல்லாவிட்டால் இரண்டாவது வலை கரைக்கு வராது என்பது அவருக்குத் தெரியும். மறுமையில் பதில் சொல்ல வேண்டியவன் குடித்தவன்தானே தவிர ஊற்றியவன் அல்ல என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்தச் சாக்கில் ஒரு குறை இருந்தது. அது முழங்காலோடு நின்றுவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு உள்ளே முகமே கிடையாது. கால்கள் மட்டும் உண்டு. கால்களை ஊர் கண்டுகொள்வதில்லை என்று ஒரு பேசாத ஒப்பந்தம் இருந்தது. திருக்கை முள் குத்தி அழுகி, இடது கால் பெருவிரலை இழந்த சீனிமுகம்மதுவும் அந்த ஒப்பந்தத்தை நம்பித்தான் உள்ளே போவான்.

அன்றைக்கும் உள்ளே போனான். பணிஸ் ரொட்டியைத் தேத்தண்ணியில் தோய்த்து இரண்டாவது வாய் வைத்தபோது வெளியே ஒரு பெண்குரல் கேட்டது.

"சீனிமுகம்மது காக்கா, வெளியால வாங்க. கால் தெரியிது."

சாக்குக்குக் கீழே எல்லாக் கால்களும் மரத்துப்போய் நின்றன.

"விரல் இல்லாத கால் இந்தக் கரையில ஒண்டுதான் இரிக்கி. மத்தக் கால்கள் பயப்பிடத் தேவல்ல. நான் உங்கள எண்ண வரல்ல."

வந்தவள் செல்லத்தங்கம். சொறிக்கல்முனைக்காரி. கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் கூட்டுவது, மணியடிப்பது, பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சுவது எல்லாம் அவள்தான். சீனிமுகம்மது வாயைத் துடைத்துக்கொண்டு சாக்கை விலக்கினான்.

"கயிறு பாக்கப் போனன் புள்ள."

"கயிறு தேத்தண்ணிக் கோப்பைக்குள்ளயா கிடந்திச்சு?" உள்ளே சிரித்த யாருக்கோ புரைக்கேறியது. செல்லத்தங்கம் சிரிக்கவில்லை. "மதர் கூப்பிடுறா. உங்கட மகள் பால் குடிக்கமாட்டாளாம். நோம்பாம். கோப்பையப் பிடிச்சிக்கிட்டு மாதா சுருவத்துக்குப் பக்கத்துல நிக்காள். தகப்பன் வந்து சொன்னா விடுறாவாம். இல்லாட்டிக் குடிச்சே ஆகணுமாம்."

சீனிமுகம்மதுவுக்கு அதிகாலையில் சஹர் சோற்றுக்கு முன்னால் மகள் நபீலா தானாக எழும்பி வந்து உட்கார்ந்ததும், "வாப்பா, இண்டைக்கு முழு நோம்பா?" என்று அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டதும், "முழு நோம்புதான் மகள், ரெண்டு பேரும் சேந்து திறப்பம்" என்று அவன் சொன்னதும் நினைவுக்கு வந்தன. எட்டு வயதுப் பிள்ளைக்கு அது முதல் நோன்பு. பக்கத்து வீட்டுப் பரீனா அவளைவிடச் சின்னவள், ஏற்கெனவே நோற்றுவிட்டாள். பரீனா படிக்கிற முஸ்லிம் பாடசாலைக்கு நோன்பு மாதம் முழுக்க விடுமுறை. மடத்துப் பள்ளிக்கு இல்லை. "ஒங்கட பள்ளிக்கூடம் பால் குடிக்கிற பள்ளிக்கூடம்" என்று வேலிக்கு மேலால் அவள் கத்துவது நபீலாவுக்குச் சோறு இறங்காத அளவுக்குப் போயிருந்தது.

"போய்க் கெதியா நோம்பெண்டு சொல்லிப்போட்டு வாடாப்பா," என்றார் சாக்குக்குப் பின்னாலிருந்து மரைக்கார் அப்துல் ஸமட். "அடுத்த வலைக்கு ஆள் காணாது."

செல்லத்தங்கம் கிணற்றைக் காட்டினாள். "வாயக் கொப்பிளிச்சிட்டு வாங்க காக்கா."

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் இருந்தது. ஆனால் அங்கே இருந்த சட்டங்கள் ஒரு அரசாங்கத்தை நடத்தப் போதும். மணியடித்தால் உயரப்படி வரிசை. வரிசையில் நின்றதும் வாய், நகம், கைலேஞ்சி பார்ப்பார்கள். கைலேஞ்சி சட்டையில் ஊசியால் குத்தியிருக்க வேண்டும், அழுக்கில்லாமல் இருக்க வேண்டும். ஆகவே பிள்ளைகள் மூக்கைப் புறங்கையில் துடைத்துக் கைலேஞ்சியைக் காப்பாற்றினார்கள். வகுப்பில் பேசக்கூடாது, பேசினால் இங்கிலீசில் பேச வேண்டும், இங்கிலீசு யாருக்கும் தெரியாததால் முதலாவது சட்டம் தானாகவே காப்பாற்றப்பட்டது. செபத்தின்போது பிறசமயப் பிள்ளைகள் கைகட்டி மௌனமாக நிற்கலாம். அப்படி மௌனமாக நின்றே நபீலா 'அருள் நிறைந்த மரியே'யை வேதக்காரப் பிள்ளைகளைவிடத் திருத்தமாகப் பாடமாக்கியிருந்தாள். ஒருநாள் அரிசி களையும்போது அதை முணுமுணுத்து, ஹப்ஸாவிடம் அகப்பைக் காம்பால் வாங்கியும் இருந்தாள்.

இத்தனைக்கும் அவளை அங்கே சேர்த்தது ஹப்ஸாதான். மடத்தில் படித்த பிள்ளை நேராக நிற்கும், இங்கிலீசில் இருமும் என்று மருதமுனையில் தறி நெய்கிற அவளுடைய தங்கச்சி சொல்லியிருந்தாள்.

எல்லாச் சட்டத்துக்கும் தாய்ச்சட்டம் பத்துமணிப் பால். வெளிநாட்டுத் தர்மத்தில் மூட்டை மூட்டையாக வந்த பால்மா அது. பழைய சீமெந்துப் பைபோல மணக்கும். பிள்ளைகள் அதைச் செவ்வரத்தை வேலிக்குள் ஊற்றி ஊற்றி, வேலி மட்டும் கொழுத்து நின்றதை ஒரு நாள் பார்க்க வந்த அதிகாரி கண்டுபிடித்துவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு பிள்ளையும் மதருக்கு முன்னால் குடித்து, கோப்பையை உள்ளங்கையில் கவிழ்த்துக் காட்ட வேண்டும்.

சீனிமுகம்மது பள்ளிக்கூட வளவுக்குள் நுழைந்தபோது நபீலா மாதா சிலையின் நிழலில் நேராக நின்றாள். கோப்பையில் பால் ஆடை கட்டியிருந்தது. அதில் ஒரு எறும்பு நீந்திக்கொண்டிருந்தது.

மதர் பெலிசித்தா யாழ்ப்பாணத்துக்காரி. வெள்ளை உடுப்பில் ஒரு சுருக்கம் கிடையாது. "நீர்தானோ நபீலாவின்ரை தகப்பன்?"

"ஓம் மதர்."

"நோன்பு எண்டு சொல்லிக்கொண்டு நிக்கிறாள். மெய்தானோ?"

"மெய்தான் மதர். சஹருக்கு எழும்பின புள்ள."

"எழும்பின எல்லாரும் நோன்பில்லை. போன வருசம் எங்கடை கோயில்லை மணியடிக்கிறவற்றை பெடியனும் பாலுக்குப் பயந்து நோன்பு எண்டவன். அந்தோனிமுத்து! அவனுக்கு என்ன நோன்பு? அதுக்குப் பிறகுதான் சட்டம் போட்டனாங்கள். நோன்பு பிடிக்கிற வீட்டுப் பிள்ளைக்கு மட்டுந்தான் விலக்கு. நீர் இண்டைக்கு நோன்போ?"

சீனிமுகம்மது மகளைப் பார்த்தான். அவள் அவனுடைய முகத்தைப் பார்க்கவில்லை. அவனுடைய காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லத் தலையை நிமிர்த்தினாள். சஹர் நேரத்தில் கேட்ட அதே பார்வை.

"நானும் நோம்புதான் மதர்," என்றான்.

மதர் தலையை ஆட்டினார். விலக்குக் கிடைத்துவிட்டது என்று அவன் மூச்சை விட்டான். அந்த மூச்சுத்தான் கெடுத்தது. மதரின் மூக்கு ஒருதரம் சுருங்கியது.

"வாயைத் திறவும்."

இருபது வருஷமாகத் தினம் காலையில் சொல்லிச் சொல்லி அவருடைய நாக்கில் உறைந்த சொல் அது. ஆளைப் பார்த்து வந்ததல்ல. சீனிமுகம்மது திறக்காமல் விட்டிருக்கலாம். கயிற்றில் நிற்கும் முரடர்களையெல்லாம் ஒரு அதட்டலில் வரிசைக்குக் கொண்டுவருகிற தொண்டை அவனுடையது. ஆனால் அந்த வளவுக்குள் கால் வைத்தவன் எவனும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன்தான். அவனுடைய வாய் தானாகத் திறந்தது.

"நாக்கை நீட்டும்."

நீட்டினான்.

அவசரத்தில் கொப்பிளித்த வாய். கடைவாய்ப் பல்லில் பணிஸ் அப்பியிருந்தது. நாக்கு தேயிலைச் சாயத்தில் பழுப்பாக இருந்தது. மதர் நகத்தில் அழுக்கைப் பார்ப்பதுபோல, கோபமில்லாமல் பார்த்தார். செல்லத்தங்கம் மாமரத்தில் காய் இருக்கிறதா என்று அண்ணாந்தாள். நபீலாவும் எட்டிப் பார்த்தாள். அவளுடைய உயரத்துக்கு எல்லாம் நன்றாகத் தெரிந்திருக்கும்.

சீனிமுகம்மதுவுக்குச் சொல்ல ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி தொடாமல் விரதம் காக்கிற இந்த மடத்துக்கு, கரைவலையில் விழுகிற அறக்குளா மீனில் கொழுத்ததாகப் பார்த்துப் போகிறது. அதைச் சுமந்து வந்து குசினிப் படியில் வைக்கிறவன் அவன். அறக்குளாவைத் தின்று விரதம் இருக்கலாமென்றால் அதைப் பிடித்தவன் ஒரு தேத்தண்ணி குடித்து நோன்பிருக்கக் கூடாதா என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்பதற்கு முதலில் நாக்கை உள்ளே இழுக்க வேண்டும். இழுக்கலாம் என்று மதர் இன்னும் சொல்லவில்லை.

"செல்லத்தங்கம், பால் ஆறிப்போச்சு. சூடாக்கிக் குடும்."

அவன் நாக்கை உள்ளே இழுத்தான். "மதர், புள்ள நோம்புதான். அல்லாக் காவல், அது மெய். பொய் சொன்னது நான். அவள விடுங்க."

"சட்டம் பிள்ளைக்கில்லை. வீட்டுக்கு."

"அப்ப என்னக் குடிக்கச் சொல்லுங்க, நான் குடிக்கன்."

"நீர் இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை இல்லை," என்றார் மதர்.

சூடாக்கிய பால் வந்தது. எறும்பை மட்டும் செல்லத்தங்கம் எடுத்துவிட்டிருந்தாள். நபீலா அழவில்லை. கால்களைச் சேர்த்து நின்று, மூச்சு விடாமல் குடித்தாள். கோப்பையை உள்ளங்கையில் கவிழ்த்தாள். ஒரு துளி விழுந்தது. சட்டையில் குத்தியிருந்த கைலேஞ்சியால் அதைத் துடைத்தாள். "தேங்க் யூ மதர்," என்றாள். அதுவும் சட்டம்.

சீனிமுகம்மது இரண்டாவது வலைக்குப் போகவில்லை. கேற்றுக்கு வெளியே பூவரச நிழலில் குந்தியிருந்தான். பள்ளிக்கூடம் விட்டதும் நபீலா வந்தாள். இருவரும் கடற்கரைத் தெருவால் நடந்தார்கள்.

"மகள்..."

"என்ட நோம்பு முறிஞ்சி போயிட்டு, வாப்பா."

"சின்னப் புள்ளைக்கு நோம்பு கடமையில்ல மகள். போனாலும் பாவமில்ல. வேணுமெண்டா பள்ளிவாசல் லெப்பைட்டக் கேட்டுப் பாப்பம்."

"எனக்குக் கடமையில்ல. ஒங்களுக்குக் கடமைதானே?"

கொஞ்சத் தூரத்துக்குப் பிறகு அவள் நின்றாள்.

"உம்மாட்டச் சொல்லமாட்டன். பரீனாட்டயும் சொல்லமாட்டன். என்ட நோம்ப நீங்க நோத்துத் தரணும். முழு நோம்பு. சாக்குக்குப் பின்னால போகாத நோம்பு."

"சாக்கா? சாக்கு ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"ஒங்கட கால எனக்குத் தெரியாதா வாப்பா?"

மஃரிபு பாங்கு சொன்னதும் ஹப்ஸா மூன்று பேருக்கும் ஈச்சம்பழம் வைத்தாள். நபீலாவின் நெற்றியைத் தடவி, "என்ட கிளி முழு நோம்பும் நோத்திட்டு" என்று கொஞ்சினாள். வேலிக்கு அந்தப் பக்கம் பரீனாவுக்கும் கேட்கச் சத்தமாகத்தான் கொஞ்சினாள். நபீலா ஈச்சம்பழத்தை வாயில் போடாமல் வாப்பாவையே பார்த்தாள். அவன் நாள் முழுக்கப் பட்டினி கிடந்தவன்போல ஒரு கோப்பைத் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்தான். அந்த நடிப்பில் அவனுக்குப் பல வருஷப் பழக்கம் இருந்தது.

பெருநாள் வந்தது. அந்த நோன்பைப் பிறகு கழாச் செய்து ஈடுகட்டுவதாகச் சொன்னான். அடுத்த கிழமை நல்ல மீன்பாடு, கயிறு இழுக்காமல் இருக்க முடியாது என்றான். அதற்கடுத்த கிழமை இடுப்பு நோவு. சஹருக்கு எழுப்பிவிடச் சொல்லி அவனே நபீலாவிடம் கேட்டுக்கொண்ட ஒரு நாளில், அவள் எழுப்பினாள், அவனும் எழும்பிச் சாப்பிட்டான். சாக்கின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு உள்ளே போனான். அன்று மாலை அவள் அவனுடைய காலை ஒரு தரம் பார்த்தாள், அவ்வளவுதான்.

வாடைக்காற்று தொடங்கிக் கடல் எழும்பியது. கரைவலை நின்றது. வேலையில்லை, மீனில்லை. மழை விடாமல் பெய்த ஒருநாள் வீட்டில் அடுப்பும் எரியவில்லை. இருட்டும்வரை மூன்று பேரும் வெறும் வயிற்றோடு கூரை ஒழுக்குக்குச் சட்டி வைத்துக்கொண்டிருந்தார்கள். சீனிமுகம்மதுவுக்கு ஒரு யோசனை வந்தது.

"மகள், இண்டைக்கு முழுக்க நான் ஒண்டும் வாயில வைக்கல்ல. கண்டதானே? ஒன்ட நோம்பு கழிஞ்சிட்டுத்தானே?"

நபீலா சட்டியிலிருந்த தண்ணீரை வாசலில் ஊற்றிவிட்டு வந்தாள்.

"நிய்யத் வெச்சீங்களா?"

"இல்ல."

"அப்ப அது பசி வாப்பா. நோம்பில்ல."

ஹப்ஸா விளங்காமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

சீனிமுகம்மது அல்லாஹ்வுக்கு எத்தனை நோன்பு கொடுக்க வேண்டும் என்பதை எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டான். அல்லாஹ் அருளாளன், பார்த்துக்கொள்வான். நபீலா பார்த்துக்கொள்வதாக இல்லை. அவளுக்கு அவன் ஒரு நோன்பு கடன்.